படியேறும்போது இதயம் சொல்வது

தரம் 13, உயிரியல் விஞ்ஞானப் பிரிவு



எங்கள் வீட்டு மேல்மாடிக்குப் பதினாறு படிகள். சென்ற வருடம் ஒரு நாள், காயப்போட்ட உடுப்புகளை எடுக்கப் போன உம்மா பத்தாவது படியில் நின்று கைபிடியைப் பிடித்துக்கொண்டார். "என்ன உம்மா?" என்று கேட்டேன். "ஒண்டுமில்ல மகள், வாயு. இஞ்சி போட்டு ஒரு பிளேன்ரீ குடிச்சாச் சரியாப் போகும்" என்றார். இரண்டு நிமிடத்தில் சரியாகியும் விட்டது. அடுத்த வாரமும் அதே இடத்தில் நின்றார். இந்த முறை நெஞ்சை அழுத்துவது போலவும், தாடை வரை இழுப்பது போலவும் இருப்பதாகச் சொன்னார்.

வாப்பா உடனே அவரை அண்மையிலிருந்த ஒரு மருத்துவ நிலையத்துக்குக் கூட்டிச் சென்று ஈ.சி.ஜி. எடுத்தார். "ஈ.சி.ஜி. நோர்மல்" என்று சொன்னார்கள். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. உயர்தர வகுப்பில் இதயத்தின் பாடத்தை முடித்து, அதில் நல்ல புள்ளியும் எடுத்திருந்த நானும் "இனிப் பயமில்லை உம்மா" என்றேன். நான் சொன்னது பிழை. அது ஏன் பிழை என்பதை நான் விளங்கிக்கொண்ட விதத்தைத்தான் இங்கு எழுதுகின்றேன். பரீட்சைக்கும் உதவும், வீட்டுக்கும் உதவும்.

இதயத்தின் மின்சாரம்

இதயத்தின் வலது சோணையறைச் சுவரில் ஒரு சிறு இழையப் பகுதி உண்டு. அதனைக் குடாச் சோணைக் கணு என்று படிக்கின்றோம். ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை வரை அது தானாகவே மின்கணத்தாக்கத்தைத் தோற்றுவிக்கின்றது. அந்தக் கணத்தாக்கம் இரு சோணையறைகளிலும் பரவி, சோணை இதயவறைக் கணுவில் சிறிது தாமதித்து, பின்னர் ஹிஸ்ஸின் கட்டு, புர்கின்ஜி நார்கள் வழியாக இதயவறைகளுக்குச் செல்கின்றது. மின் சென்ற பின்னரே தசை சுருங்குகின்றது.

எமது உடல் உப்பு நீர் நிறைந்த ஒரு கடத்தி. ஆகவே இதயத்தில் நிகழும் மின்மாற்றத்தின் ஒரு சிறு பங்கு தோல் வரை வந்து சேர்கின்றது. அது ஒரு மில்லிவோல்ட் அளவானது. இதனை மனிதரில் முதன்முதலாகப் பதிவு செய்தவர் ஒகஸ்டஸ் வோலர். அது 1887 இல் இலண்டனில் நடந்தது. பின்னர் ஒல்லாந்து நாட்டின் லைடன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வில்லெம் ஐந்தோவன், மிக மெல்லிய இழையொன்றைக் காந்தப் புலத்தினுள் தொங்கவிட்டு, தெளிவான வரைபைப் பெற்றார். ஒல்லாந்தர் ஆண்ட ஜாவாத் தீவின் செமராங் நகரில் 1860 இல் பிறந்தவர் இவர். அவரது ஆரம்பகாலக் கருவியில் நோயாளி இரு கைகளையும் ஒரு காலையும் உப்பு நீர்ப் பாத்திரங்களில் வைத்துக்கொண்டு இருக்க வேண்டும். வரைபின் அலைகளுக்கு பி, கியூ, ஆர், எஸ், ரி என்று பெயரிட்டவரும் இவரே. 1924 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வரைபை வாசிக்கும்போது மூன்று விடயங்களை நினைவில் வைத்தாற் போதும். பி அலை சோணையறைகளில் மின் பரவுவதைக் காட்டும். கியூ ஆர் எஸ் என்ற கூரிய பகுதி இதயவறைகளில் மின் பரவுவதைக் காட்டும். ரி அலை இதயவறைகள் மீண்டும் பழைய மின்நிலைக்குத் திரும்புவதைக் காட்டும். எஸ் அலைக்கும் ரி அலைக்கும் இடையிலுள்ள மட்டமான கோட்டை எஸ்ரி பகுதி என்பர். இந்தக் கட்டுரை முழுவதும் அந்தச் சிறிய கோட்டைப் பற்றியதுதான்.

ஈ.சி.ஜி. தாள் செக்கனுக்கு 25 மில்லிமீற்றர் வேகத்தில் நகர்கின்றது. ஆகவே கிடையாக ஒரு சிறு கட்டம் 0.04 செக்கன். நிலைக்குத்தாக ஒரு சிறு கட்டம் 0.1 மில்லிவோல்ட்.

ஓய்வில் எடுத்த வரைபு ஏன் ஏமாற்றியது?

இதயம் குருதியைப் பம்பும் உறுப்பு. ஆனால் தன் அறைகளினுள் இருக்கும் குருதியிலிருந்து அதன் தசை போதிய போசணையைப் பெறுவதில்லை. பெருநாடி ஆரம்பிக்கும் இடத்திலிருந்து பிரியும் முடியுரு நாடிகளே இதயத்தசைக்குக் குருதி வழங்குகின்றன.

உடலின் ஏனைய தசைகள் ஓய்வில் இருக்கும்போது தமக்கு வரும் ஒட்சிசனில் ஒரு பகுதியையே எடுத்துக்கொள்கின்றன. வேலை கூடினால் அதே குருதியிலிருந்து இன்னும் கூடுதலாக எடுக்கலாம். இதயத்தசையோ ஓய்விலேயே தனக்கு வரும் ஒட்சிசனில் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது பங்கை எடுத்துவிடுகின்றது. மிச்சமாக எடுப்பதற்கு அதிகமில்லை. ஆகவே இதயத்தின் வேலை கூடும்போது அதற்கு உள்ள ஒரே பெரிய வழி, முடியுரு நாடிகள் விரிந்து குருதியோட்டத்தைக் கூட்டுவதே. ஆரோக்கியமானவரில் இந்த ஓட்டம் நான்கு, ஐந்து மடங்கு வரை கூடக்கூடியது.

நாடியின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து ஒடுங்கியிருந்தால் என்ன நடக்கும்? கதிரையில் அமர்ந்திருக்கும்போது தேவைப்படும் குருதி அந்த ஒடுக்கத்தினூடாகவும் போய்ச் சேரும். ஈ.சி.ஜி.யும் அழகாக இருக்கும். படியேறும்போது தேவை மூன்று மடங்காகும். ஒடுங்கிய குழாயால் மூன்று மடங்கு கொடுக்க முடியாது. இன்னொன்றையும் கவனியுங்கள். இடது இதயவறையின் தசைக்குக் குருதி பெரும்பாலும் இதயம் தளரும் நேரத்திலேயே பாய்கின்றது. துடிப்பு வேகமாகும்போது அந்தத் தளர்வு நேரம் குறுகிவிடுகின்றது. தேவை கூடுகின்றது, கொடுக்கும் நேரமோ குறைகின்றது.

வீட்டுத் தண்ணீர்க் குழாய் அடைபட்டிருப்பது ஒரு வாளி நிரப்பும்போது தெரிவதில்லை. பெருநாள் அன்று எல்லாக் குழாய்களையும் ஒன்றாகத் திறக்கும்போதுதான் தெரியும். உம்மா கட்டிலில் படுத்திருந்தபோது எடுத்த ஈ.சி.ஜி., ஒரு வாளி நிரப்பிப் பார்த்தது போன்றது. அந்த வரைபில் பிழையில்லை. வலி இல்லாத நேரத்தில் எடுத்த வரைபை வைத்து, வலியைப் பற்றித் தீர்ப்புச் சொன்ன எங்களில்தான் பிழை.

போகாமல் விட்ட ஒரு நாள்

வலி தொடர்ந்ததால், எங்கள் மாமியின் வற்புறுத்தலின் பேரில் உம்மா இதயநோய் வைத்திய நிபுணர் ஒருவரிடம் காட்டினார். அவர் உம்மாவிடம் மூன்று கேள்விகள் கேட்டாராம். எங்கே வலிக்கின்றது? எதைச் செய்யும்போது வருகின்றது? நின்றால் எத்தனை நிமிடத்தில் போகின்றது? பின்னர் உடற்பயிற்சி ஈ.சி.ஜி.க்கு ஒரு திகதி கொடுத்தார்.

அந்தத் திகதியில் உம்மா போகவில்லை. தலையிடி என்றார், வீட்டில் வேலை என்றார். இரவு என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "நெஞ்சில வயர் ஒட்டி, ஆக்கள் பாக்க ஓடச் சொல்லுவாங்களாமே மகள். எனக்கு ஏலா."

உம்மா அந்தச் சோதனைக்கு அஞ்சவில்லை, மறைப்பு இல்லாமல் நிற்க வேண்டி வருமோ என்றுதான் அஞ்சினார். அதை எவரிடமும் கேட்கவுமில்லை. அடுத்த நாள் நான் வைத்தியசாலைக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். பதில் மிக எளிமையானது. மின்வாய்களைப் பெண் உத்தியோகத்தர் ஒருவர் திரைக்குப் பின்னால் ஒட்டுவார். அதற்கு மேல் முன்புறம் திறக்கும் தளர்வான மேற்சட்டை அணியலாம். தலையை மூடியிருக்கலாம். மகள் கூட நிற்கலாம். முன்கூட்டியே சொன்னால் அதற்கேற்ப நேரம் ஒதுக்குவோம் என்றார்கள். ஒரு தொலைபேசி அழைப்பில் தீர்ந்த விடயத்துக்காக நாங்கள் மூன்று வாரங்களை இழந்திருந்தோம். எல்லா இடங்களிலும் இந்த வசதி ஒரே அளவில் இருக்காது. ஆனால் கேட்காவிட்டால் எந்த இடத்திலும் கிடைக்காது.

சோதனை நடக்கும் விதம்

போவதற்கு முன் கவனிக்க வேண்டியவை சில. இரண்டு மூன்று மணித்தியாலங்களுக்கு முன்னர் இலேசாகவே சாப்பிட வேண்டும். தேநீர், கோப்பியைத் தவிர்க்க வேண்டும். காலுக்குப் பொருத்தமான சப்பாத்தும், நடக்க இலகுவான உடையும் வேண்டும். பாவிக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் கொண்டு சென்று காட்ட வேண்டும். சில மருந்துகள் இதயத் துடிப்பை ஏறவிடாமல் தடுப்பதால் சோதனையின் முடிவை மறைத்துவிடும். அவற்றை நிறுத்துவதா இல்லையா என்பதை வைத்தியரே சொல்ல வேண்டும், நாமாக நிறுத்தக்கூடாது. நோன்பு காலத்தில் திகதி வந்தால் அதனையும் சொல்லி, வேறு நாள் கேட்பது நல்லது.

உம்மாவின் உடலில் பத்து மின்வாய்கள் ஒட்டினார்கள். ஆறு நெஞ்சில். மற்ற நான்கையும் கை கால்களில் ஒட்டாமல், நடக்கும்போது ஆடாதிருக்கத் தோள் பக்கமும் இடுப்புப் பக்கமும் ஒட்டினார்கள். இந்தப் பத்திலிருந்து பன்னிரண்டு கோணங்களில் வரைபு கிடைக்கின்றது. முதலில் ஓய்வில் ஒரு வரைபும் குருதியமுக்கமும் எடுத்தார்கள். பின்னர் ஓடும் பட்டியின் மேல் ஏறச் சொன்னார்கள்.

இச்சோதனையின் வரலாறும் சுவையானது. 1929 இல் நியூயோர்க்கில் ஆர்தர் மாஸ்டரும் அவரது சகாவும் இரு படிகளை ஏறி இறங்கச் சொல்லும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உம்மாவின் மாடிப்படியைப் போன்றதுதான்! பின்னர் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ரொபர்ட் புரூஸ் என்ற வைத்தியர் ஓடும் பட்டியைப் பயன்படுத்தி, படிப்படியாகக் கடினமாகும் ஒரு முறையை 1960 களில் நிலைநாட்டினார். இன்றும் உலகெங்கும் பெரிதும் பாவிக்கப்படுவது அந்த முறையே. அதில் ஒவ்வொரு கட்டமும் மூன்று நிமிடம்.

முதற் கட்டம்: மணிக்கு 2.7 கிலோமீற்றர், சாய்வு நூற்றுக்கு 10.
இரண்டாம் கட்டம்: மணிக்கு 4.0 கிலோமீற்றர், சாய்வு நூற்றுக்கு 12.
மூன்றாம் கட்டம்: மணிக்கு 5.4 கிலோமீற்றர், சாய்வு நூற்றுக்கு 14.
நான்காம் கட்டம்: மணிக்கு 6.7 கிலோமீற்றர், சாய்வு நூற்றுக்கு 16.

நூற்றுக்கு 10 சாய்வு என்றால் கிடையாக நூறு மீற்றர் போகும்போது பத்து மீற்றர் உயர்வது. ஆகவே ஆரம்பத்தில் இது ஓட்டமல்ல, மேட்டில் மெதுவாக நடப்பதுதான். உம்மா பயந்த "ஓட்டம்" முதல் ஆறு நிமிடங்களில் வரவேயில்லை.

எவ்வளவு தூரம் துடிப்பு ஏற வேண்டும் என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. 220 இலிருந்து வயதைக் கழித்தால் எதிர்பார்க்கும் உச்சத் துடிப்பு. உம்மாவுக்கு 51 வயது; 220 - 51 = 169. அதில் நூற்றுக்கு 85 பங்கு, அதாவது 144 வரை போனால் சோதனை போதியது எனக் கொள்வர். ஆனால் இலக்கை அடைவதற்காக ஆபத்தைப் பொருட்படுத்தாமல் நடக்கவைப்பதில்லை. வலி கூடினால், தலை சுற்றினால், ஏற வேண்டிய குருதியமுக்கம் இறங்கினால், வரைபில் பாரதூரமான மாற்றம் தெரிந்தால், அல்லது நடப்பவர் "போதும்" என்றால் உடனே நிறுத்துவர். இந்தச் சோதனையால் பெரும் தீங்கு நேர்வது மிக அரிது. எனினும் அந்த அரிதான நிலைக்காக வைத்தியரும் உயிர்காக்கும் உபகரணங்களும் அருகில் இருக்க வேண்டும்.

அந்தச் சிறிய கோடு

ஐந்தாவது நிமிடம் வரை எல்லாம் சரியாக இருந்தது. ஆறாவது நிமிடம் தாண்டியதும் உம்மா, "அதே வலி வருது" என்றார். திரையில் எஸ்ரி பகுதி கீழே இறங்கத் தொடங்கியிருந்தது. ஏழாவது நிமிடத்தில் நிறுத்தினார்கள். துடிப்பு 138. கோடு இரண்டு மில்லிமீற்றர் இறங்கியிருந்தது.

ஏன் இறங்குகின்றது? இதயவறைத் தசை முழுவதும் மின்னேற்றம் மாறிய நிலையில் இருக்கும் சிறு நேரமே எஸ்ரி பகுதி. அப்போது சுவரின் உட்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் இடையே மின்வேறுபாடு ஏறத்தாழ இல்லை. ஆகவே கோடு மட்டமாக இருக்கும். குருதி போதாமற் போனால் முதலில் பாதிக்கப்படுவது சுவரின் உட்படை. அங்குள்ள கலங்களின் மின்நிலை மாறிவிட, உள்ளுக்கும் வெளிக்கும் வேறுபாடு தோன்றுகின்றது. அந்த வேறுபாட்டையே கோடு இறக்கமாகக் காட்டுகின்றது. கோடு மட்டமாகவோ கீழ்நோக்கிச் சரிந்தோ ஒரு மில்லிமீற்றர் அல்லது அதற்கு மேல் இறங்கி நின்றால், அதனை நேர்முடிவாகக் கருதுவர். ஒரு மில்லிமீற்றர் என்பது ஒரு மில்லிவோல்ட்டின் பத்தில் ஒரு பங்கு!

நடந்த நேரம், கோட்டின் இறக்கம், வலி ஆகிய மூன்றையும் சேர்த்து டியூக் புள்ளி என்று ஒரு கணக்குப் போடுவர். நடந்த நிமிடங்களிலிருந்து, இறங்கிய மில்லிமீற்றரின் ஐந்து மடங்கையும், வலிச் சுட்டியின் நான்கு மடங்கையும் கழிக்க வேண்டும். வலி இல்லையேல் சுட்டி 0, வலி வந்தால் 1, வலியால் நிறுத்த நேர்ந்தால் 2. உம்மாவை நிறுத்தியது வரைபில் கண்ட மாற்றத்துக்காக. ஆகவே வலிச் சுட்டி 1. கணக்கு: 7 - 10 - 4 = -7. ஐந்தும் அதற்கு மேலும் குறைந்த ஆபத்து. -11 உம் அதற்குக் கீழும் கூடிய ஆபத்து. உம்மா இடையில் நின்றார்.

நேர்முடிவு என்றால் நோய் என்றா பொருள்?

இந்தக் கேள்விக்கு எங்கள் குடும்பத்திலேயே விடை இருக்கின்றது. உம்மாவுக்கு நடந்ததைக் கண்டு பயந்த எங்கள் சாச்சியும் சோதனை செய்தார். அவருக்கு வயது 34, வலி ஏதுமில்லை. முடிவு நேர்! இரண்டு கிழமை வீடே உறங்கவில்லை. பின்னர் எடுத்த சி.ரி. படத்தில் நாடிகள் யாவும் சுத்தமாக இருந்தன.

பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த சராசரிப்படி, நோயுள்ள நூறு பேரில் ஏறத்தாழ 68 பேரை இச்சோதனை பிடிக்கும். நோயில்லாத நூறு பேரில் ஏறத்தாழ 77 பேரைச் சரியாக விடுவிக்கும். மற்ற 23 பேரையும் வீணாகப் பயமுறுத்தும். இப்போது ஒரு கணக்குச் செய்வோம்.

சாச்சியைப் போன்ற ஆயிரம் பேரில் 50 பேருக்கே நோய் இருப்பதாகக் கொள்வோம். நேர்முடிவு பெறுவோர் நோயாளிகளில் 34, நோயற்ற 950 பேரில் ஏறத்தாழ 219. மொத்தம் 253 பேரில் 34 பேருக்கே உண்மையில் நோய். அதாவது ஏறத்தாழ ஏழில் ஒருவருக்கு மட்டுமே. உம்மாவைப் போன்று வயதும் வலியும் ஒத்துவரும் ஆயிரம் பேரில் 500 பேருக்கு நோய் இருப்பதாகக் கொள்வோம். நேர்முடிவு நோயாளிகளில் 340, நோயற்றோரில் 115. மொத்தம் 455 பேரில் 340 பேர், அதாவது நான்கில் மூவர், உண்மையான நோயாளிகள்.

இயந்திரம் ஒன்றே, வரைபும் ஒன்றே. சோதனைக்கு முன் அந்த மனிதரைப் பற்றி என்ன தெரியும் என்பதே பொருளை மாற்றுகின்றது. அதனால்தான் அந்த நிபுணர் இயந்திரத்துக்கு முன்னர் மூன்று கேள்விகளைக் கேட்டார். அதே காரணத்தால், ஆபத்துக் காரணி எதுவுமில்லாதவர்கள் "எதற்கும் செய்து பார்ப்போம்" என்று இச்சோதனையைச் செய்வது பயனை விடப் பதற்றத்தையே தரலாம். எதிர்முடிவும் முழுமையான உத்தரவாதமல்ல. சிறிய ஒடுக்கத்தை இச்சோதனை காட்டாது. நடக்க இயலாதவர்களுக்கும், ஓய்வு வரைபே மாறியிருப்பவர்களுக்கும் கழியொலி, சி.ரி. போன்ற வேறு வழிகள் உண்டு.

நாம் செய்யக்கூடியது

உம்மாவுக்குப் பின்னர் மணிக்கட்டு நாடியினூடாக ஒரு மெல்லிய குழாயைச் செலுத்திப் படம் எடுத்தார்கள். இடது முடியுரு நாடியின் ஒரு கிளை வெகுவாக ஒடுங்கியிருந்தது. அங்கே ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். இன்று உம்மா பதினாறு படிகளையும் நில்லாமல் ஏறுகின்றார். மருந்தும் உணவுக் கட்டுப்பாடும் தொடர்கின்றன.

சகோதரிகளே, எமது தாய்மார் வலியை வாயு என்பார்கள், களைப்பு என்பார்கள், வயது என்பார்கள். பெண்களுக்கு நெஞ்சு வலியோடு மூச்சு வாங்குதல், குமட்டல், தாடையிலோ முதுகிலோ வலி, வழக்கத்துக்கு மாறான களைப்பு ஆகியனவும் வரலாம். நடக்கும்போது வந்து நின்றால் போகும் எந்த அழுத்தத்தையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். ஓய்விலேயே வலி வந்து, வியர்த்து, கால் மணித்தியாலம் கடந்தும் போகாவிட்டால் அது சோதனைக்குத் திகதி எடுக்கும் நேரமல்ல. வலி நீடிக்கின்றதா என்று காத்துக்கூட நிற்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

பெற்றோர்களே, "ஈ.சி.ஜி. நோர்மல்" என்று யாராவது சொன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: "வலி இருக்கும்போது எடுத்ததா, இல்லாதபோது எடுத்ததா?" நான் அன்று இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். பாடத்தை மனனம் செய்திருந்தேன், ஆனால் வீட்டுப் படியில் நின்ற உம்மாவில் அதைப் பொருத்திப் பார்க்கவில்லை. இப்போது உம்மா மேலே போகும்போதெல்லாம் நான் படியடியில் நின்று எண்ணுகின்றேன். "ஏன் மகள், இன்னும் எண்ணுற?" என்று மேலிருந்து சிரிக்கின்றார். பதினாறு வரும் வரை நான் பதில் சொல்வதில்லை.